ஓர் எண் தள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் கந்தோரில் என்னோடு இருந்தவர்கள் சொல்லுவார்கள், அதுவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள். திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில், ஒரே பதிவறையில், இருபத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். காணிக் கோவைகள், லீவு விண்ணப்பங்கள், வாகன ஓட்டப் புத்தகங்கள், யாரோ கேட்டு எழுதுவித்து ஒருவரும் வாசிக்காத அறிக்கைகள் என்று கூரைவரைக்கும் இறாக்கை இறாக்கையாக அடுக்கியிருக்கும். உப்புக்காற்று கடுதாசியைத் தின்னும். கேற்றைச் சாத்த மறந்தால் ஊருக்குள் திரிகிற மான்கள் விறாந்தையில் ஏறி மிச்சத்தைத் தின்னும். எந்தக் கோவையைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிரால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

கூரை ஒழுகத் தொடங்கி, அதைத் திருத்த ஆளில்லாமல் போனபோது, கோவைகளைக் கொழும்புப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் களஞ்சியத்துக்கு அனுப்புவது என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். வேண்டியவற்றை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். கேட்டால் லொறியில் வரும். காலம் கடந்தவற்றை, நாங்கள் குறித்துக் கொடுத்தால், இயந்திரத்தில் போட்டு அரைத்துவிடுவார்கள். கோவையைத் திறந்து பார்க்கிற வேலை அவர்களுக்கு இல்லை. அட்டையில் ஒட்டியிருக்கிற பார்கோட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். அதற்கான ஸ்ரிக்கர்களைச் சுருள் சுருளாக, பெட்டியில் போட்டு அவர்களே அனுப்பியிருந்தார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு கோவைக்கும் எங்கள் இலக்கம் ஒன்று அதில் உண்டு. இப்போது அதே பதிவில், 'எக்ஸ்டேர்னல் பார்கோட்' என்ற கட்டத்தில், களஞ்சியக்காரரின் எண்ணையும் சேர்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் இருப்பதில்லையா, அப்படித்தான். இரண்டும் ஒரே கோவையைக் காட்டினால் சரி, வேலை முடிந்தது.

அதற்கு இரண்டு வழி இருந்தது. கோவையில் ஸ்ரிக்கரை ஒட்டி, ஸ்கானரைப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகக் கணினிக்குள் எடுப்பது ஒரு வழி. முதல் எண்ணை மட்டும் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்த, மிச்சத்தை மென்பொருளே வரிசையாக நிரப்பிக்கொண்டு போவது மற்ற வழி. களஞ்சியத்திலிருந்து தொலைபேசியில் விளக்கம் சொன்ன பிள்ளை, ஸ்கானரால் செய்வதுதான் நல்லது, நிரப்புகிற வழியில் போனால் பத்துக்கு ஒன்றையாவது எடுத்துச் சரிபாருங்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். அந்த இரண்டாவது தரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ பிறக்கமுதலே நான் கோவை கட்டத் தொடங்கினவள் என்று மனதுக்குள் நினைத்தேன் என்று எழுத ஆசைதான், வாய்விட்டுத்தான் சொன்னேன். ஸ்கானரின் வயரும் இறாக்கைவரைக்கும் எட்டாது. கோவை கோவையாக மேசைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். யாரால் ஏலும்?

எங்கள் அறையில் புதிதாக எதைத் தொடங்கினாலும் முதல் ஒன்று சாமிக்கு. புதுப் புத்தகம் என்றால் முதல் பக்கத்தில் சந்தனம் தொட்டு, ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவோம். புது முத்திரை வந்தால் முதல் குத்து ஒரு வெள்ளைத் தாளில் விழும். அந்தத் தாள் மேசைக்கு மேல் தொங்கிய பிள்ளையார் படத்துக்குப் பின்னால் போகும். இந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று தெரியாது, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, இராகு காலம் தொடங்க முன்னரே, முதலாம் சுருளின் முதலாம் ஸ்ரிக்கரை உரித்துப் பிள்ளையார் படத்தின் சட்டத்தில் ஒட்டினேன். என்னோடு வேலை செய்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், கிண்ணியாவிலிருந்து வருகிறவர். உங்கட சாமியையும் கொழும்புக்கு அனுப்பப் போறீங்களோ என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு நானா சுருளை வாங்கி, அடுத்த ஸ்ரிக்கரிலிருந்து கோவைகளில் ஒட்டிக்கொண்டு போனார். மூன்று கிழமை ஒட்டினார். நான் கணினியில் இருந்தேன். சுருள்கள் வந்த பெட்டியின் மூடியில் முதல் எண் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துக் கட்டத்தில் போட்டு, பொத்தானை அழுத்தினேன். கணினி அந்த முதல் எண்ணிலிருந்தே தொடங்கியது. கோவைகளோ சாமிக்குப் போனதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கியிருந்தன. முதல் கோவையிலிருந்து கடைசிக் கோவைவரைக்கும், திரையில் இருந்த எண் ஒன்று, அட்டையில் இருந்த எண் அதற்கு அடுத்தது. அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. மூன்று கிழமை வேலையை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று நான் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

லொறி இரண்டு நாள் வந்து ஏற்றியது. எல்லாம் போன பிறகு, வெறும் இறாக்கைகளுக்கு நடுவில் நின்று கதைத்தால் என் குரலே திரும்பி வந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இறாக்கைத் தகரம் அதிர்ந்தது. முன்பெல்லாம் கடுதாசி அந்தச் சத்தத்தைக் குடித்துவிடும். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பின்னேரம் லிங்கநகரில் வீட்டுக்குப் போனால், எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. வயது போகிறது, அதுதான் இப்படி என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு அம்மா வந்தார். குச்சவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நாங்கள் கதவு திறக்கமுதலே விறாந்தையில் நின்றார். என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்துவிட்டார். அவருடைய பெயரில் அரசாங்கம் கொடுத்த காணி ஒன்று. அதில்தான் கச்சான் கடலையும் மரவள்ளியும் வைத்து இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார். காணிக்கான அனுமதிப் பத்திரம், அந்தப் பெர்மிட்டின் வீட்டுப் பிரதியை, சுனாமி வந்த அன்று கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது வேறொருவர் அந்தக் காணி தன்னுடையது என்று ஒரு பத்திரத்தோடு வந்து நிற்கிறார். மூன்று கிழமையில் விசாரணை. எங்கள் கோவையில் இருக்கிற பிரதி வந்தால் காணி நிற்கும். வராவிட்டால் போகும். அவர் இதை அழாமல், ஒழுங்காக, யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் கணினியில் தேடினேன். கணவரின் பெயர் உடனே வந்தது. குச்சவெளிக் கோவைகளில் அதுதான் கடைசி.

"இருக்கு அம்மா," என்றேன். "நாலு நாளில வந்திடும். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

நான்கு நாளில் கோவை வந்தது. அட்டையைப் பார்த்தேன், குச்சவெளிதான், பெயர் வேறு. அந்த அம்மாவின் கணவருக்கு ஓர் இலக்கம் முந்தி இருந்த யாரோ ஒருவர். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. களஞ்சியத்துக்கு ஃபோன் எடுத்து, அந்தப் பிள்ளையைப் பிடித்து, கண் தெரியாதவர்களை வைத்தா வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் கேட்ட எண்ணும் ஸ்ரிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றுதானே மிஸ் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். ஒன்றுதான். அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. நீங்கள்தான் எங்கேயோ மாறி அடுக்கியிருக்கிறீர்கள், இறாக்கை முழுக்கத் தேடுங்கள் என்று சொல்லி, கோவையைத் திருப்பி அனுப்பினேன்.

அந்த அம்மா இரண்டாம் தரம் வந்தார். களஞ்சியக்காரரின் பிழை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் முழுக்க ஃபோனில் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் சண்டை. தேடுகிறோம் என்றாள், தேடினோம் என்றாள், கடைசியில் அனுப்புகிறோம் என்றாள். பெட்டியை உடைத்தால் அதே ஆளின் அதே கோவை. அந்த அம்மா மூன்றாம் தரம் வந்து, கதிரையின் நுனியில் இருந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வந்துவிடும் என்று ஏதோ வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

நானாதான் கண்டுபிடித்தார். அவர் அந்தக் கோவையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டை மூலையில் நான் பேனையால் எழுதியிருந்த எங்கள் பழைய இலக்கத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வேறொரு வேலைக்காக வந்திருந்த இன்னொரு கோவையையும் எடுத்துப் பார்த்தார். அதுவும் ஓர் இலக்கம் முன்னே இருந்தது.

"தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் பெட்டியில கிடந்த எண்ணைத்தானே போட்டீங்கள்?"

ஓம் என்றேன்.  அவர் நிமிர்ந்து பிள்ளையார் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டத்தில் அந்த வெள்ளைத் துண்டு, மூலையில் சந்தனம் காய்ந்தபடி ஒட்டியிருந்தது. 

எனக்குப் பயம் வந்தது, பிழை விட்டதற்காக அல்ல. அதற்கு அடுத்ததை மனம் கணக்குப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு கோவையும் தனக்கு அடுத்த கோவையின் எண்ணைச் சுமந்துகொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறது. குச்சவெளிக் கோவைகளில் அந்த அம்மாவுடையது கடைசி. அதற்கு அடுத்த இறாக்கையில் இருந்தவை பழைய லீவு விண்ணப்பங்கள். அவற்றை அழிக்கச் சொல்லிக் குறித்துக் கொடுத்தது நான். லீவு விண்ணப்பங்களின் முதல் கட்டுக்குரிய எண், அந்த அம்மாவின் கோவையில் ஒட்டியிருந்தது.

களஞ்சியத்துக்கு ஃபோன் எடுத்தபோது என் விரல் இரண்டு தரம் பிழையான எண்ணை அழுத்தியது. அதே பிள்ளைதான். இந்த முறை நான் சத்தம் போடவில்லை. அழிக்கச் சொன்ன எண்களை அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். போன வியாழக்கிழமை காலை எல்லாம் முடிந்தது மிஸ், சான்றிதழும் அனுப்பியிருக்கிறோம் என்றாள். சான்றிதழ் என் மேசைத் தட்டில்தான் கிடந்தது, உறை உடைக்காமல். போன வியாழக்கிழமை காலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உங்கள் பிழை, உங்கள் பிழை என்று அவளோடு ஃபோனில் கத்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மா முதல் தரம் வந்த அன்று கோவை முழுசாக இருந்தது. முதல் தரம் பிழையான கோவை வந்த அன்றும் இருந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு எங்கள் பட்டியலை ஒரு தரம் பார்த்திருந்தால், ஒரே ஒரு ஃபோனில் அதை நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். வேண்டிய கோவைகள் முடிந்து வேண்டாதவை தொடங்குகிற ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒன்று போயிருக்கும் என்பதை அவரும் விளங்கிக்கொண்டார். இந்த ஒன்றுக்கு உண்மையை எழுதிக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டி வரும் என்றார். 'குறிப்பிட்ட கோவை எமது பதிவுகளில் கிடைக்கப்பெறவில்லை' என்று இரண்டு வரி சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். அழகாக நடுவில் வைத்து, எழுத்துப் பிழை பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்க அந்த அம்மா நான்காம் தரம் வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, வாசித்துச் சொல்லுங்கோ மிஸ் என்றார். வாசித்தேன்.  துறைமுகத்தில் ஏதோ ஒரு இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப எங்கட அவருக்குக் கோவையே இருக்கேல்லையோ?"

அந்த இரண்டு வரிக்கு அப்படியும் ஒரு அர்த்தம் உண்டு என்று தட்டச்சு செய்யும்போது எனக்குத் தெரியாமலா இருந்தது? இருபத்தெட்டு வருடம் இதே வசனத்தை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்தது, என் பிழையால் அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். ஸ்ரிக்கர், பெட்டி, பொத்தான், எல்லாம் சொன்னேன். நானா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா ஏசுவார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதை எழுதித் தாங்கோ," என்றார்.

எழுதினேன், கையால்.  அலுவலகத் தவறினால் கோவை அழிக்கப்பட்டது என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"கந்தோர் எண்டால் விசாரணையில ஆரைக் கூப்பிடுறது? உங்கட பேரைப் போடுங்கோ, மிஸ்."

என் பெயரைப் போட்டேன். பதவியையும் போட்டேன். ஓய்வுக்கு எனக்கு ஒரு வருடம் இருந்தது. அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்துக்கொண்டேதான் போட்டேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். சின்ன அறை, ஒரு மின்விசிறி, நீளமான மேசை. காணிக்கு உரிமை கேட்ட எதிர்த்தரப்புக்காரர் ஒரு பிளாஸ்ரிக் கோவைக்குள் தன் பத்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் இருந்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். விசாரணை செய்த அதிகாரி மரியாதையான மனிதர். கோவை இருந்ததா என்று கேட்டார், இருந்தது என்றேன். உங்கள் பிழையால் அழிந்ததா என்று கேட்டார், ஓம் என்றேன். எல்லாவற்றையும் எழுதினார். எனக்குள் ஏதோ ஒன்று இளகத் தொடங்கியது. உண்மையைச் சொல்லிவிட்டேன், இனிக் காணி நின்றுவிடும் என்று நினைத்தேன்.

பிறகு அவர், அந்தக் கோவைக்குள் இந்த அம்மாவின் கணவர் பெயரில் பெர்மிட் இருந்ததைக் கண்ணால் கண்டீர்களா என்று கேட்டார்.

நான் காணவில்லை. அந்தக் கோவையை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. அட்டையின் நிறம் தெரியும், இலக்கம் தெரியும், எந்த இறாக்கையில் எத்தனையாவது என்று தெரியும். உள்ளே என்ன என்று தெரியாது. யாருடைய கோவைக்குள்ளும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "கண்டனான்."

"நல்லது," என்றார் அவர், பேனையை எடுத்தபடி. "பெர்மிட்டில எல்லை நாலும் எழுதியிருக்கும்தானே. ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ. வடக்கே என்ன?"

மின்விசிறி சுற்றியது. குச்சவெளி என்றால் கடல் ஒரு பக்கம், உப்புநீர்க் களப்பு ஒரு பக்கம், இதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் என்று சொல்லவா, களப்பு என்று சொல்லவா?  எதிர்த்தரப்புக்காரர் முதல் தரமாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஞாபகம் இல்லை என்றேன். கிழக்கே என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுவரைக்கும் எழுதியிருந்த பக்கத்தின் மேல், நான் சொன்ன உண்மைக்கும் சேர்த்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். முடிவு தபாலில் வரும் என்றார். தபால் வரத் தேவையில்லை. காணி போய்விட்டது என்று அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

வெளியே நல்ல வெயில். அந்த அம்மா எனக்கு முன்னால் பஸ் நிலையப் பக்கமாக நடந்தார். நான் பின்னால் நடந்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல். வெயிலுக்குத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்.

"வடக்கால என்ர தமையன்ர வளவு. கிழக்கால பஸ் போற றோட்டு. தெற்கால கோயில் காணி. மேற்கால களப்பு."

நான் நின்றுவிட்டேன்.

"நாலு தரம் வந்தனான், மிஸ். ஒருக்கா எண்டாலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

குச்சவெளி பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.